ராடு அடிக்குதுன்னு சொன்னாங்க, இன்ஜின் இறக்குறதுக்கு முன்னாடி சத்தத்தை நகர்த்திப் பார்த்தோம்

பழைய டீசல் வண்டில புதுசா ஒரு சத்தம் வந்துச்சுன்னா பட்டறைல முக்கால்வாசி பேர் சொல்ற முதல் வார்த்தை "ராடு அடிக்குதுங்க, இன்ஜின் இறக்கணும்". ராடுன்னா பிஸ்டனையும் கீழ சுத்துற கிராங்கையும் சேர்க்கிற கம்பி, அதோட பேரிங் தேஞ்சா அடிக்கும். எங்க வண்டிக்கும் அதையேதான் சொன்னாங்க. செலவு எவ்வளவு ஆகும்னு கேட்டதுக்கு சொன்ன தொகையைக் கேட்டுட்டு அப்பா அன்னைக்கு ராத்திரி சரியா சாப்பிடவே இல்ல. ஆனா இன்ஜின் இறக்கல. வீட்டு வாசல்லயே வச்சு, காசு செலவில்லாத சோதனைங்க ஒவ்வொண்ணா பண்ணி, சத்தம் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சோம். எப்படின்னு விவரமா எழுதுறேன், ஏன்னா இதே மாதிரி சத்தத்துக்கு நல்ல இன்ஜினைப் பிரிச்சுப் போட்ட ஆளுங்களை எங்க பக்கத்துலயே எனக்குத் தெரியும்.

வண்டி டாடா 407. 1986ல டெல்கோ (டாடா மோட்டார்ஸோட பழைய பேரு) இதை விட்டப்போ ஜப்பான் கூட்டுல வந்த சின்ன லாரிங்கதான் பேச்சா இருந்துச்சாம், டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிசான், ஸ்வராஜ் மஸ்டா, ஐஷர் மிட்சுபிஷின்னு. அதுல ரெண்டு மூணு பேரு இப்ப யாருக்கும் ஞாபகம்கூட இல்ல, 407 மட்டும் பொள்ளாச்சி சந்தைக்குப் போனா இன்னைக்கும் வரிசையா நிக்கும். எங்களுது தொண்ணூறுகள்ல வந்த பழைய வண்டி, அப்பா தேங்காய் லோடும் மட்டை லோடும் அடிச்சு எங்களை படிக்க வச்ச வண்டி. 4 சிலிண்டர், 97 மில்லி போர், 100 மில்லி ஸ்ட்ரோக், மொத்தம் 2956 சிசி, டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, டீசல் பம்ப்ல இருந்து நாலு இரும்பு பைப், சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சுற நாலு நாசிலுக்குப் போகுது, அவ்ளோதான். வீட்ல வச்சு நோய் கண்டுபிடிக்க இதைவிட நல்ல இன்ஜின் இல்லன்னு நான் மனசார சொல்லுவேன், ஏன்னா ஒவ்வொரு சிலிண்டரையும் தனித்தனியா நிறுத்திப் பார்க்கலாம்.

மழைக்காலம் பூரா லோடு இல்லாம வண்டி நின்னுச்சு. திரும்ப எடுத்து ஓட்ட ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே சத்தம். 407ன்னாலே சத்தம்தான், அது எல்லாருக்கும் தெரியும், ஆனா இது அந்த கடகடப்புக்கு மேல தனியா, சுத்தியலால இரும்பை தட்டுற மாதிரி டக் டக் டக்னு ஒரே சீரா விழுற அடி. காலைல ஸ்டார்ட் பண்ணினதும் அதிகமா இருக்கும், சூடானா கொஞ்சம் அடங்கும், லோடோட மேடு ஏறும்போது மறுபடியும் தலை தூக்கும். கூடவே அதுக்கு அடியில ச்சிக் ச்சிக்னு மெல்லிசா இன்னொரு சத்தம், அதை முதல்ல யாருமே தனியா கவனிக்கல.

பட்டறைல என்ன பண்ணினாங்கன்னா, ஓடுற இன்ஜின்ல நாசில் பைப் நட்டை ஒவ்வொண்ணா லூஸ் பண்ணிப் பார்த்தாங்க. மூணாவதை லூஸ் பண்ணினதும் அடி நின்னுடுச்சு. "பாத்தீங்களா, மூணாவது ராடு போச்சு"ன்னுட்டாங்க. அவங்க பண்ணின சோதனை சரியானதுதான், அதுல எனக்கு எந்தக் குறையும் இல்ல, ஆனா அதுக்கு அடுத்த சோதனை ஒண்ணு இருக்கு, அதைப் பண்ணாமலே தீர்ப்பு சொல்லிட்டாங்க. பைப்பை லூஸ் பண்ணினா அந்த சிலிண்டர்ல டீசல் எரியாது, எரியாததால பிஸ்டன் மேல அழுத்தமும் விழாது. ராடு பேரிங் தேஞ்சிருந்தாலும் அழுத்தம் இல்லாதப்போ அடி குறையும். நாசில் கெட்டு டீசல் தப்பா எரிஞ்சாலும் எரியறது நின்னதும் அடி நிக்கும். ரெண்டுக்கும் ஒரே பதில்தான் வரும். திருடன் எந்த வீட்டுக்குள்ள பூந்தான்னு மட்டும் இந்த சோதனை சொல்லும், உள்ள இருக்கிறது யாருன்னு சொல்லாது.

இதை எனக்குப் புரிய வச்சது எங்க மாமா, அம்மாவோட தம்பி. நாமக்கல் லாரிங்கள்ல பாதி இந்தியா சுத்தினவரு, நடுக்காட்டுல வண்டி நின்னா தானே பார்த்து எடுத்துட்டு வர்ற காலத்து டிரைவர். அப்பா போன் பண்ணினதும் "மாப்ளய கூட நிக்கச் சொல்லுங்க மச்சான், நாளைக்கு வெயிலுக்கு முன்னாடி வந்துர்றேன், அதுவரைக்கும் யாரும் ஒரு நட்டுகூட கழட்ட வேண்டாம்"னாரு.

வந்ததும் இன்ஜின் பக்கமே போகல, ஆயில் பக்கம்தான் போனாரு. சூடான இன்ஜின் ஐடிலிங்ல இருக்கும்போது ஆயில் பிரஷர் எங்க நிக்குதுன்னு பார்த்தாரு. வழக்கமா நிக்கிற இடத்துலதான் நின்னுச்சு. பேரிங் தேஞ்சு இடைவெளி அதிகமாச்சுன்னா ஆயில் அது வழியா ஈஸியா வெளிய ஓடிடும், சூட்டுல ஆயில் இளகின பிறகு பிரஷர் இறங்கிக் காட்டும். அதோட, ராடு சத்தம் பொதுவா இன்ஜின் சூடாக சூடாக கூடும், எங்களுது சூடானா குறைஞ்சுச்சு. இது ரெண்டுமே ராடுக்கு எதிரான சாட்சிதான், ஆனா இதை மட்டும் வச்சு முடிவு பண்ணக்கூடாதுன்னாரு மாமா.

அப்புறம் ஆயிலை வடிச்சோம். சும்மா வடிக்கல, பழைய வெள்ளை வேட்டித் துணியை கட்டி அது வழியா வடிகட்டி, துணியை வெயில்ல விரிச்சுப் பார்த்தோம். ஃபில்டர் பேப்பரையும் மடிப்பு மடிப்பா பிரிச்சு தேச்சுப் பார்த்தோம். கரி மட்டும்தான், மினுமினுப்பு எங்கயும் இல்ல. நான் காந்தம் எடுத்துட்டு வந்தேன், மாமா "அத வச்சுக்கோ, ஆனா அதை நம்பாத"ன்னாரு, ஏன்னா பேரிங் ஷெல் மேல இருக்கிற செம்பு ஈயக் கலவை காந்தத்துல ஒட்டாது, காந்தம் சுத்தமா இருக்குன்னு சந்தோஷப்பட்டா ஏமாந்துருவோம். கண்ணுதான் முக்கியம், வெயில்ல துணியை சாய்ச்சு சாய்ச்சுப் பார்க்கணும்.

அடுத்தது என் யோசனை. கிராங்க் புல்லில ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, தள்ளி நின்னு போன்ல ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்தேன். இந்த இன்ஜின் நாலு ஸ்ட்ரோக், அதாவது கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினாதான் ஒரு சிலிண்டர் ஒரு தடவை எரியும், வால்வும் அதே கணக்குலதான் திறக்கும். ஐடிலிங் 700 சுத்துன்னு வச்சா ஒரு சிலிண்டர் நிமிஷத்துக்கு 350 தடவை எரியுது, நொடிக்கு கிட்டத்தட்ட ஆறு. காதால கிட்டத்தட்ட எண்ணிரலாம், ஆனா புல்லி எத்தனை சுத்து சுத்துச்சுன்னு கண்ணால எண்ண முடியாது, அதுக்குத்தான் ஸ்லோ மோஷன். வீடியோல சத்தமும் இழுத்து இழுத்து கேக்கும், வெள்ளைக் கோடு மெதுவா கீழ இருந்து மேல வந்து போகுது, ஒரு சுத்து சத்தம் இல்ல, அடுத்த சுத்துல டொம்ம்ம், மறுபடி ஒரு சுத்து இல்ல, மறுபடி டொம்ம்ம். ரெண்டு சுத்துக்கு ஒரு அடி, ஒரு தடவைகூட மாறல. புல்லி லூஸா இருந்தாலோ ஃப்ளைவீல் போல்ட் லூஸா இருந்தாலோ பெரும்பாலும் ஒவ்வொரு சுத்துக்கும் அடிக்கும், அந்த ரெண்டையும் இதுலயே கிட்டத்தட்ட ஒதுக்கிட்டோம் (அந்த ரெண்டும் அச்சு அசலா ராடு மாதிரியே கேக்கும், அதனால இந்த வீடியோ வேலை வீண் இல்ல). மாமா போனை வாங்கி திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துட்டு, "இந்த வசதி எங்க காலத்துல இருந்திருந்தா எத்தன ராத்திரி தூங்கிருப்பேன்"னாரு.

பெல்ட்டையும் கழட்டி கொஞ்ச நேரம் ஓட்டினோம். தண்ணி பம்ப் பேரிங், டைனமோ பேரிங் ரெண்டும் போகும்போது என்னென்ன சத்தமோ வரும், பெல்ட் இல்லாம ஓட்டி சத்தம் அப்படியே இருந்தா அதுங்க மேல சந்தேகப்பட வேண்டாம். எங்களுக்கு அப்படியேதான் இருந்துச்சு. பெல்ட் இல்லாம ஒரு நிமிஷத்துக்கு மேல ஓட்டாதீங்க, தண்ணி சுத்தாது. வண்டியை நகர்த்தவே நகர்த்தாதீங்க, டைனமோ பின்னாடி இருக்கிற வேக்கம் பம்ப்பும் சேர்ந்து நிக்கிறதால பிரேக் கல்லு மாதிரி ஆயிடும். சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை வச்சுட்டுதான் நாங்க எதையுமே ஆரம்பிச்சோம். இன்னொண்ணு, ஓடுற இன்ஜின்கிட்ட குனியும்போது தோள்ல துண்டு வேண்டாம், வேட்டி நுனி தொங்க வேண்டாம். எங்க ஊர்ல ஃபேன்ல துண்டு சிக்கி கழுத்துல காயமானவரை நான் பார்த்திருக்கேன்.

அப்புறம்தான் காது வச்சுக் கேக்குற வேலை. நீளமான ஸ்க்ரூ டிரைவர், நுனியை இன்ஜின்ல வச்சு கைப்பிடியை காதோட எலும்புல அழுத்தணும். அடியில ஆயில் நிக்கிற சம்ப் பக்கம் வச்சா அடி மந்தமா தூரத்துல கேக்குது. மேல சிலிண்டரை மூடியிருக்கிற ஹெட்ல மூணாவது நாசில் பக்கத்துல வச்சா காதுக்குள்ளயே அடிக்குது. ராடுன்னா பிளாக்கோட கீழ்ப்பகுதிலதான் பலமா கேக்கணும். ஆனா இரும்பு முழுக்க சத்தம் பரவும், நாம எதை நினைச்சுக் கேக்குறோமோ அதுவே கேக்குற மாதிரி இருக்கும், அதனால இதையும் ஒரு சாட்சியா மட்டும்தான் எடுத்துக்கிட்டோம்.

இப்ப அந்த கடைசி சோதனை. மூணாவது நாசிலையும் முதல் நாசிலையும் கழட்டி இடம் மாத்திப் போடுறது. மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு. கோளாறு நாசில்ல இருந்தா சத்தம் நாசில் கூடவே முதல் சிலிண்டருக்கு நகரும். கோளாறு ராடுலயோ பிஸ்டன் பின்லயோ வால்வுலயோ இருந்தா நாசிலை எங்க கொண்டு போய் வச்சாலும் சத்தம் மூணாவதுலயேதான் நிக்கும். பாகம் எதுவும் வாங்க வேண்டியதில்ல, அடியில போடுற காப்பர் வாஷர் மட்டும் புதுசு.

கழட்டினப்பவே கொஞ்சம் தெரிஞ்சிடுச்சு. முதல் நாசிலோட நுனி காஞ்சு, லேசா சாம்பல் கலர்ல இருந்துச்சு. மூணாவதோட நுனில ஈரமா, பசை மாதிரி கரி, விரல்ல தொட்டா வழுக்குது. நாசில் உக்கார்ற குழியை நல்லா துடைச்சு, பழைய வாஷர் உள்ள ஒட்டிட்டு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு மாத்தி மாட்டினோம். ஹேண்ட் பம்ப் அடிச்சு காத்து எடுத்தோம், பம்ப்ல நுரை நின்னு சுத்தமான டீசல் வர்ற வரைக்கும். செல்ஃப் அடிச்சதும் கொஞ்சம் திணறிட்டு பிடிச்சுது, அதே அடி. எனக்கு வயிறு கலங்கிடுச்சு, அப்பா மூஞ்சியைப் பார்க்கவே முடியல. மாமா மட்டும் நிதானமா ஸ்பேனரை எடுத்து மூணாவது பைப்பை லூஸ் பண்ணினாரு. இன்ஜின் ஆடுது, ஆனா அடி நிக்கல. அதை டைட் பண்ணிட்டு முதலாவதை லூஸ் பண்ணினாரு.

அடி போச்சு.

"நகந்துருச்சு மாப்ள"ன்னாரு. அப்பா ஒண்ணுமே பேசல, திண்ணைல போய் உக்காந்துட்டு "சாமி, மாமாவுக்கு காப்பி போடச் சொல்லு"ன்னாரு. இன்ஜினுக்குள்ள ஒண்ணும் ஆகலைங்கிறது அவருக்கு எவ்ளோ பெரிய விஷயம்னு சொந்த வண்டி வச்சிருக்கிறவங்களுக்குப் புரியும்.

பைப் லூஸ் பண்றதைப் பத்தி கட்டாயம் ஒண்ணு சொல்லணும். இந்த மாதிரி பழைய நாசிலே சுமார் 200 பார் அழுத்தத்துலதான் திறக்கும். நட்டை ஒரு சுத்துக்கும் குறைவா, டீசல் கசியற அளவுக்கு மட்டும், துணி சுத்தி லூஸ் பண்ணணும், நாசில் அடிக்கிற பக்கம் கையைக் கொண்டு போகவே கூடாது, அந்த வேகத்துல டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும், வெளிய சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனா உடனே ஆஸ்பத்திரி போகலைன்னா விரலே போயிடலாம். இப்ப வர்ற, கம்ப்யூட்டர் வச்சு டீசல் அடிக்கிற காமன் ரெயில் வண்டில இந்த சோதனையை நினைச்சுக்கூட பார்க்காதீங்க, அதுல அழுத்தம் 1000 பாருக்கு மேலயும் போகும், ஓடும்போது பைப்பைத் தொடவே கூடாது. அந்த வண்டிங்களுக்கு ஸ்கேனர் இருக்கிற இடத்துக்குத்தான் போகணும்.

நாசிலை எடுத்துட்டு பம்ப் பட்டறைக்குப் போனோம். டீசல் பம்ப்பும் நாசிலும் செய்ற மைக்கோ கம்பெனி பேரை 2008லயே பாஷ்னு மாத்திட்டாங்க, எங்க ஊர்ல இன்னும் மைக்கோ பட்டறைன்னுதான் வழி கேக்கணும். அங்க நாசிலை கையால அடிக்கிற டெஸ்டர்ல மாட்டி லீவரை அமுக்கினாரு அந்த அண்ணன். நல்ல நாசில்னா கிர்ர் கிர்ர்னு அதிர்ந்து, புகை மாதிரி மெல்லிசா பனி அடிக்கும். எங்களுது ஒரு பக்கமா கோடு கோடா பீச்சிட்டு, லீவரை விட்ட பிறகும் நுனில ஒரு சொட்டு திரண்டு தொங்குது. அந்த சொட்டுதான் எங்க வீட்டு நிம்மதியைக் கெடுத்தது. டீசல் பனியா வந்தா உடனே பத்திக்கும், சீரா எரியும். சொட்டா வந்தா பத்துறதுக்கு நேரம் எடுக்கும், அதுக்குள்ள இன்னும் டீசல் வந்து சேரும், சேர்ந்தது மொத்தமும் ஒரே நேரத்துல வெடிக்கும், அந்த வெடிப்புதான் பிஸ்டன் தலைல சுத்தியலா விழுது. இன்ஜின் குளிரா இருக்கும்போது பத்துறது இன்னும் தாமதமாகும், காலைல அடி அதிகமா இருந்ததுக்கும் அதுதான் காரணம். நாசிலுக்குள்ள ஊசியைக் கழட்டிக் காமிச்சாரு, கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய இடத்துல பழுப்பா துருக்கறை. புது நாசில் போட்டு, பிரஷர் செட் பண்ணி, மத்த மூணையும் டெஸ்டர்ல ஓட்டிப் பார்த்ததுல ரெண்டாவது ஒண்ணு லேசா ஒழுகுச்சு, அதையும் சேர்த்து மாத்தினோம். இன்ஜின் வேலைக்குச் சொன்ன தொகையோட ஒப்பிட்டா ரொம்பக் கொஞ்சம்.

மாட்டி ஸ்டார்ட் பண்ணினதும் அடி சுத்தமா இல்ல, இப்பதான் அந்த ச்சிக் ச்சிக் வெளிய வந்துச்சு. இத்தனை நாள் பெரிய சத்தத்துக்குள்ள ஒளிஞ்சிருந்தது. வால்வைத் தள்ளுற டேப்பட்டா இருக்கும்னு எல்லாருக்கும் முதல் எண்ணம், ஆனா சூடானதும் முழுசா மறைஞ்சுடுது, அதனால இன்ஜின் புகையை வெளிய எடுத்துட்டுப் போற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல சந்தேகம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, உடனே ஒரு ஊதுபத்தியை ஏத்தி மேனிஃபோல்டும் ஹெட்டும் சேர்ற இடத்துல மெதுவா நகர்த்திட்டே போனேன், ஃபேன் காத்து படாம ஒரு அட்டையை மறைப்பா பிடிச்சுக்கிட்டு. நாலாவது சிலிண்டர்கிட்ட வந்ததும் நேரா போயிட்டிருந்த புகை ச்சிக்குக்கு ச்சிக் வெட்டி வெட்டி சிதறுது. டார்ச் அடிச்சுப் பார்த்தா அங்க ஹெட்டுல விசிறி மாதிரி கரி படிஞ்சிருக்கு. கேஸ்கட் அந்த இடத்துல தீஞ்சிருக்கு, இரும்பு சூடாகி விரிஞ்சதும் ஓட்டை தானா அடைபடுது. கேஸ்கட் மாத்தினோம், பழைய ஸ்டட்டுல ஒண்ணு உடைஞ்சுடுமோன்னு பயந்து முந்தின நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு ஊற வச்சதால நாலு பக்கமும் நல்லபடியா கழண்டுச்சு.

துரு எங்கிருந்து வந்துச்சுங்கிறதுதான் பாக்கி. மழைக்காலத்துல வண்டி பாதி டேங்க்கோட நின்னுச்சு, காலியா இருக்கிற மேல் பாதில காத்து ஈரம் படிஞ்சு தண்ணியா கீழ இறங்கும், டீசலைவிட தண்ணி கனம், அடில போய் உக்காந்துக்கும். டேங்க் அடி நட்டை கழட்டி ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சதுல கீழ ரெண்டு விரல் உயரத்துக்கு கலங்கல் தண்ணி, அதுல செந்நிறமா துருத்தூள் மிதக்காம படிஞ்சு கிடக்கு. ஃபில்டர் மாத்தியாச்சு, இப்போதைக்கு லோடு இல்லாத நாள்லயும் டேங்க்கை ரொப்பியே நிறுத்துறோம். டேங்க்கை இறக்கி உள்ள கழுவி, மேல் பாதி தகடு எந்த நிலைமைல இருக்குன்னு பார்க்கிறது பொங்கல் கழிஞ்சு மாமா வந்ததும் செய்றதா இருக்கு. தகடு அரிச்சிருந்தா பழைய டேங்க்கை வெல்டிங் வைக்காம புதுசே வாங்கிடலாம்னு அப்பாவே சொல்லிட்டாரு.